மொரெத்தியின் கிளிக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

இரவுக்காட்சி: இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெந்தோவின் 'நோன் ஓ சோன்னோ' (2001) என்ற திகில் படத்தில் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் மொரெத்தி வளர்க்கும் கிளி "வெறும் வீட்டு அலங்காரம்" என்று நேற்று ஒருவர் இங்கே ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். 1983இல் இத்தாலியின் தூரின் நகரத்தை நடுங்க வைத்த கொலைகள் பதினேழு ஆண்டுகள் கழித்து மறுபடியும் தொடங்கும்போது, நினைவு தேய்ந்துபோன அந்த முதியவர் வாய்விட்டுப் பேச அந்தக் கிளியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பின்வரிசை: எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். தனியாக வாழும் பாத்திரத்தின் மனத்தில் ஓடுவதைப் பார்வையாளனுக்குக் கேட்க வைக்கத் திரைக்கதை ஆசிரியர்கள் காலங்காலமாகக் கையாளும் சுலபமான உத்தி அது. அந்த இடத்தில் ஒரு பூனை இருந்திருந்தாலும் கதை நகர்ந்திருக்கும்.

இரவுக்காட்சி: பூனை கேட்டதைத் திருப்பிச் சொல்லுமா? கேட்டதை மறக்கும் மனிதருக்குப் பக்கத்தில், கேட்டதை ஒப்பிக்கும் பறவையை உட்கார வைத்திருக்கிறார்கள். இது தற்செயல் என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

பின்வரிசை: அவ்வளவு பெரிய சாட்சி என்றால் கொலைகாரனைக் கிளியே காட்டிக்கொடுத்திருக்க வேண்டுமே? மொரெத்தி இறந்த பிறகு வழக்கை முடித்துவைப்பது, 1983இல் தாயைப் பறிகொடுத்த ஜாக்கொமோதானே!

வைகைக்கரை: படத்தைப் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறோம், ஐயா. கிளியை விடுங்கள், 'காந்தி' படத்துக்காக பில்லி வில்லியம்ஸுடன் ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்ட ரோனி டெய்லர்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர். நாடக அரங்கில் தரைக் கம்பளத்தை ஒட்டியே காமிரா நகர்ந்து, கடந்து செல்லும் கால்களை மட்டும் காட்டிக்கொண்டே போகும் அந்த நீண்ட காட்சியைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா?

இரவுக்காட்சி: கம்பளத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். 1957இல் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மானின் படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடிய நடிகர் மாக்ஸ் வான் சிடோ, எழுபதைக் கடந்த வயதில் மொரெத்தியாக ஒரு கிளியை எதிரே வைத்துக்கொண்டு நடிக்கிறார் என்றால் அதை அலங்காரம் என்று சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

பின்வரிசை: துணிச்சலைப் பற்றி நீங்கள் பேசலாமா? அர்ஜெந்தோவின் முந்தைய படமான 'ப்ரொஃபோந்தோ ரொஸ்ஸோ' (1975) தூரினில் நடக்கும் கதை என்று சென்ற ஆண்டு சாதித்தவர் நீங்கள். படம்பிடித்ததுதான் பெரும்பாலும் தூரினில். கதை நடப்பது ரோமில்.

இரவுக்காட்சி: அந்தப் படத்தில் வரும் சதுக்கம், தூரினின் 'போ', 'டோரா' என்னும் நதிகளின் சிலைகள் நிற்கும் சதுக்கம், ரோமில் எந்தத் தெருவில் இருக்கிறது? அன்றும் இதைத்தான் கேட்டேன். நான்கு நாட்கள் உங்களைக் காணவில்லை. இன்று கிளிக்கும் பதில் இல்லாததால் பழைய கணக்கைத் தோண்டுகிறீர்கள்.

பின்வரிசை: அந்த நான்கு நாட்களும் எனக்குக் காய்ச்சல். இன்றிரவு படத்தை மறுபடியும் போட்டு, கிளி திரையில் தோன்றும் நிமிடங்களைக் கடிகாரத்தை வைத்து எண்ணப் போகிறேன்.

இரவுக்காட்சி: எண்ணுங்கள். எண்ணும்போது மொரெத்தி அதனிடம் என்ன பேசுகிறார் என்பதையும் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.