ஹோங் மியுங்-போ: தடுப்பாட்டக்காரரின் கண் பயிற்சியாளருக்கு எவ்வளவு கைகொடுத்தது?

கேள்வி: செம்மண் திடல் (காரைக்குடி)

காரைக்குடியில் மாலை வேளைகளில் பள்ளி மாணவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். பின்வரிசையின் நடுவில் ஆடும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடற்கல்வி படித்துப் பயிற்சியாளராக வேண்டும் என்கிறான். கோல் அடிப்பவனைத்தான் ஊருக்குத் தெரியும், தடுப்பவன் சொல்லை யார் கேட்பார்கள் என்று அவன் தகப்பனார் தயங்குகிறார். அவருக்கு எடுத்துச் சொல்ல, தென் கொரியாவின் ஹோங் மியுங்-போவைப் பற்றிப் படித்து வருகிறேன். 1990 முதல் 2002 வரை தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளில் ஆடிய அவர், பயிற்சியாளராக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றுத் தந்தார். இரண்டே ஆண்டுகளில், பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து ஒரு வெற்றிகூட இல்லாமல் திரும்பினார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: பழைய பின்வரிசை (பள்ளத்தூர்)

ஐயா, அவர் ஆடிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தடுப்பாட்டக்காரர்களுக்கும் பின்னால் தனியாக நின்று, தப்பி வரும் பந்தைத் துடைப்பதும், வாய்ப்புக் கிடைத்தால் தானே முன்னேறி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதும் ‘லிபெரோ’வின் வேலை. நம் செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாம் கட்டில் நின்றால் வளவு, பட்டாலை, முகப்பு கடந்து தெருவரை நேர்கோட்டில் தெரியுமே, அப்படி முழு ஆட்டமும் தெரியும் இடம் அது. அங்கிருந்தே அவர் 1992இல், தம் முதல் பருவத்திலேயே, கொரிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 1994 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் எதிராகக் கோல் அடித்தார். 2002இல் அணித்தலைவராக, ஸ்பெயினுடனான காலிறுதியின் ஐந்தாவது பெனால்டியை வலைக்குள் செலுத்தி, கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டு சென்றார். அந்தத் தொடரின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரருக்கான வெண்கலப் பந்து விருதும் அவருக்கே கிடைத்தது. தடுப்பவரை ஊர் அறியாது என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

பதில்: கோல்காப்பாளர் (தேவகோட்டை)

ஆட்டக்காரராக அவர் பெற்ற பெயரில் எனக்கு ஐயமில்லை. பயிற்சியாளராக அவருடைய பலமும் பலவீனமும் ஒன்றுதான், அது விசுவாசம். 2006 உலகக் கோப்பையில் அப்போதைய கொரியப் பயிற்சியாளர் டிக் அட்வகாட்டுக்கு உதவியாளராக இருந்துவிட்டு, 2009இல் இருபது வயதுக்குட்பட்டோர் அணியை உலகக் கோப்பைக் காலிறுதி வரை கொண்டு சென்றார். கூ ஜா-சியோல் உட்பட அந்தப் பிள்ளைகள் பலரைத்தான் லண்டனுக்கும் அழைத்துப் போனார். முன்வரிசை ஆட்டக்காரர் பார்க் சூ-யங் கட்டாய இராணுவப் பணியைத் தள்ளிப்போட்டதற்காகப் பழிக்கப்பட்டபோது, அவருக்குப் பதில் நானே போகிறேன் என்று சொல்லி அருகில் நின்றவர் ஹோங். அந்தப் பார்க்தான் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். ஒலிம்பிக் பதக்கம் வென்றால் இராணுவப் பணியிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அப்போதைய விதிப்படி களத்தில் இறங்கியிருக்கவும் வேண்டும். அதுவரை ஒரு நிமிடமும் ஆடாத கிம் கீ-ஹியை அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவர் உள்ளே அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஆனால், கிளப்பில் தொடர்ந்து ஆடுவோரையே எடுப்பேன் என்று அறிவித்துவிட்டு, 2014இல் அதிகம் ஆடாதிருந்த அதே பார்க்கை அவர் தேர்ந்தெடுத்தார். ரஷ்யாவுடன் சமநிலை, அல்ஜீரியாவிடம் 2-4, பெல்ஜியத்திடம் 0-1. நாடு திரும்பிய அணியின்மீது விமான நிலையத்தில், கொரியாவில் வசையாகக் கருதப்படும் விதத்தில், மிட்டாய்களை எறிந்தார்கள்.

பதில்: பழைய பின்வரிசை (பள்ளத்தூர்)

தம்பி, தேர்வில் பிழை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுப் பழியையும் விசுவாசத்தின்மேல் போடுவது சரியன்று. லண்டன் அணியுடன் அவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிடைத்தன. தேசிய அணியுடன் ஓர் ஆண்டுதான் கிடைத்தது. அல்ஜீரியாவுடனான ஆட்டத்தில் இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது, பின்வரிசைக்கு ஒருவர் மனம் ஒருவருக்குப் புரியாததால் என்றே நான் கருதுகிறேன். காலம் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதை, கொரிய லீக்கில் ஆடும் உல்சான் கிளப்பில் பாருங்கள். 2021இல் பொறுப்பேற்று முதல் ஆண்டு இரண்டாமிடம். 2022இல், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு உல்சானுக்கு லீக் பட்டம். 2023இல் மீண்டும் பட்டம்.

கேள்வியாளர்: செம்மண் திடல்

இருவருக்கும் நன்றி. 2024 ஜூலையில் உல்சானைப் பருவத்தின் நடுவில் விட்டுவிட்டு அவர் மறுபடியும் தேசிய அணிக்குப் போனதும், அந்த நியமன முறையே கேள்விக்குள்ளானதும், சியோலில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டதும் எனக்கு வருத்தம் தந்த பகுதிகள். அதே அணி ஆசியாவின் மூன்றாம் சுற்றுத் தகுதி ஆட்டங்கள் பத்தில் ஒன்றிலும் தோற்காமல் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது என்பதையும் சேர்த்தே மாணவனின் தகப்பனாரிடம் சொல்லப் போகிறேன். பாதியை மறைத்து அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. வரும் ஞாயிறு காலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பின்வரிசைப் பயிற்சியை அந்த மாணவனிடம் ஒப்படைக்கிறேன். தகப்பனாரையும் திடலுக்கு அழைத்திருக்கிறேன்.