'ஹேட்ச்': பொரிப்பு வேண்டாம், எழுகை போதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'ஹேட்ச்' (hatch) என்ற ஆங்கிலத் தூண்டில் சொல்லுக்கு இங்கே வந்த பரிந்துரை இது:

> மலையோடைகளில் போலிப்பூச்சித் தூண்டில் போடுவோர் 'ஹேட்ச்' என்று சொல்வதற்குப் 'பொரிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம். முட்டையிலிருந்து பூச்சி வெளிவருவதைத்தானே அந்தச் சொல் குறிக்கிறது?

அதைக் குறிக்கவில்லை என்பதே என் தடை. முட்டை பொரிவது ஓடையின் அடியில், எவர் கண்ணிலும் படாமல் நடந்து முடிந்துவிடுகிறது. அப்படிப் பிறந்த மேஃபிளை என்னும் ஓடைப்பூச்சியின் இளம்பூச்சி பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, கற்களுக்கு அடியில் வாழ்ந்து, பின்னர் நீர்ப்பரப்புக்கு ஏறி வந்து தோலுரித்துச் சிறகோடு பறந்துபோகும் அந்தச் சிறுபொழுதைத்தான் தூண்டிற்காரர்கள் 'ஹேட்ச்' என்கிறார்கள். ஆங்கிலத்திலேயே அது துல்லியமான சொல்லன்று; அங்குள்ள பிழையையும் சேர்த்து நாம் பெயர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான் முன்வைப்பது 'எழுகை'. 'புறப்பாடு' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். மழை விட்டதும் ஈசல் புறப்படுவதை அறிந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். ஆனால் ஈசல் மண்ணிலிருந்து கிளம்புவது. இங்கே பூச்சி நீரின் அடியிலிருந்து மேலே வருகிறது, அந்த ஏற்றம் சொல்லில் தெரிய வேண்டும். ஏரிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கைரோனமிட் என்னும் கொசு போன்ற சிறு பூச்சியின் கூட்டுப்புழு, அடிச்சேற்றிலிருந்து புறப்பட்டுப் பல அடி நீரைக் கடந்து மெல்ல மேலேறுகிறது. பரப்பை அடைந்த பின்பும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து வெளிவர முடியாமல் சற்று நேரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. மீன்கள் அதை மிகுதியாக உண்பது இந்த வழியிலும் இந்தத் தொங்கலிலும்தான். ஆகவே பரப்பில் நடப்பதை மட்டும் காட்டும் 'சிறகேற்றம்' போன்ற சொற்கள் பாதி நிகழ்ச்சியை விட்டுவிடுகின்றன.

கோடையில் இச்சொல்லுக்கு வேலை அதிகம். பனி உருகிப் பெருகி ஓடிய கலங்கல் நீர் வடிந்ததும் ஓடை தெளிகிறது. கோடை முற்ற முற்ற நீர் குறைந்து வெப்பம் ஏறுகிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கலாம். 20 பாகையில் அது 9 மில்லிகிராமாகக் குறைகிறது, மலையுயரத்தில் இன்னும் குறைவு. குளிர்நீரில் வாழும் டிரவுட் மீன்கள் 20 பாகையைத் தாண்டினாலே சோர்வதால், பொறுப்புள்ள தூண்டிற்காரர்கள் நண்பகலில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். பல பூச்சிகளும் அக்காலத்தில் விடியலிலும் அந்தியிலுமே எழுகின்றன. 'காலை எழுகை', 'அந்தி எழுகை' என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லை. 'அந்திப் பொரிப்பு' என்றால் எனக்கு வடைச்சட்டி நினைவுக்கு வருகிறது.

சொல் கிளைக்கவும் செய்கிறது. எழுந்துகொண்டிருக்கும் நிலையிலுள்ள பூச்சியைப் போலக் கட்டப்படும் தூண்டிற்பூச்சியை 'எழுபூச்சி' என்று வினைத்தொகையாக்கலாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'எழுப்பூச்சி' என்று எழுதிவிட வேண்டாம். சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் மேஃபிளை, இணைசேர்ந்து முட்டையிட்டபின் சிறகு விரிந்தபடி நீரில் விழுந்து கிடப்பதை 'வீழ்கை' எனலாம். எழுகையும் வீழ்கையும் இணையாக நிற்பதால், ஒன்றைக் கற்றவருக்கு மற்றொன்றை விளக்க வேண்டியிராது.

> எழுபிறப்பு, எழுகடல் என்பதுபோல 'எழுபூச்சி'யை ஏழு பூச்சிகள் என்று படித்துவிடமாட்டார்களா? மேலும் மீன் பரப்புக்கு வருவதையும் 'எழுதல்' என்றால் குழப்பம் வராதா?

முதல் ஐயம் இலக்கணப்படி சரியானதுதான். ஆனால் தூண்டிற்பெட்டியைப் பற்றிய வாக்கியத்தில் அந்தப் பொருள் வர வழியில்லை. இரண்டாவது ஐயம் உண்மையிலேயே என்னைத் தடுத்தது. மீன் பரப்பில் வாய் வைப்பதை 'மேற்கொத்து' என்று பிரித்துவிட்டால் சிக்கல் தீரும் என்று நினைக்கிறேன். தூண்டில் போடுகிறவர்கள் 'மீன் கொத்துகிறது' என்று ஏற்கெனவே சொல்கிறார்கள். முன்னால் ஒரு 'மேல்' சேர்ந்தால் போதும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ஸ்டோன்ஃபிளை என்னும் மற்றோர் ஓடைப்பூச்சி பெரும்பாலும் நீரின் ஊடே மேலேறுவதில்லை. அடியிலேயே ஊர்ந்து வந்து கரைப்பாறையில் தொற்றிக்கொண்டு தோலுரிக்கிறது. அதை எழுகை என்பது பொருந்தாது. 'கரையேறல்' என்று தனிச்சொல் கொடுக்கலாம். பிறவிக்கடலை நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கோடையின் பிற்பகுதியில் கரைப்புல்லிலிருந்து தவறி விழும் வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு ஆகியவற்றுக்கு நீருக்குள் வாழ்க்கையே இல்லாததால், அவை இப்பட்டியலில் சேரா.

சொற்பட்டியலுக்கு நான் பரிந்துரைக்கும் பதிவு: 'எழுகை: நீர்வாழ் இளம்பூச்சியோ கூட்டுப்புழுவோ அடியிலிருந்து மேலேறி, பரப்பில் தோலுரித்துப் பறக்கும் வரையிலான நிகழ்வு.' 'பறக்கும் வரையிலான' என்பது நீளமாகத் தோன்றினால் சுருக்கித் தாருங்கள். 'அடியிலிருந்து' என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்.