பனை விதை போட்டு அஞ்சு மாசமாச்சு, ஒண்ணும் காணோம்

ஏரிக்கரையான்:
போன ஆவணியில ஊர்ப் பசங்க சேர்ந்து ஏரிக்கரையில 600 பனங்கொட்டை புதைச்சோம். பத்தடிக்கு ஒண்ணு, முழங்கை ஆழம்கூட இல்ல. தை பிறந்தாச்சு, ஒரு குருத்துகூட வெளிய தெரியல. "கொட்டையப் புதைச்சு போட்டோ எடுத்தவங்க"ன்னு டீக்கடையில நக்கல் வேற. தோண்டிப் பாக்கலாமா?

வேலிக்காத்தான்:
அய்யய்யோ, தோண்டாதீங்க! பனை மொதல்ல கீழதான் இறங்கும். கொட்டையிலேருந்து முளை மண்ணுக்குள்ள போய்க் கிழங்காகும், அப்புறம்தான் ஓலை. அதுவும் விசிறியாப் பிரியாத ஒத்தை இலை, புல்லுன்னு மிதிச்சுடுவாங்க. ஆடு மேயுற கரைன்னா முள்ளு வெட்டிப் போடுங்க.

மதுரை அக்கா:
ஆடு இருக்கட்டும் தம்பி, பொங்கலுக்கு எல்லாரும் பனங்கிழங்கு தேடுவாங்களே! எங்க கண்மாயில நட்டதுல பாதி அப்படித்தான் மஞ்சள் போட்டு வெந்துபோச்சு.

ஏரிக்கரையான்:
அக்கா, இப்பதான் போய்ப் பாத்துட்டு வர்றேன். மதகுப் பக்கம் வரிசையா 14 குழி, பக்கத்துல பிளந்த கொட்டை. தோண்டுனதுல ஒருத்தன் நம்ம குழுதான், நட்ட இடம் அவனுக்குத்தானே தெரியும். மிச்சத்துக்கு இன்னைக்கு சாயங்காலம் முள்ளு வெட்டப் போறோம்.