புதுப்பிப்பு: லேப்டாப் கீச்சொலி, காரணம் பிடிபட்டது

ராத்திரியில் லேப்டாப்பிலிருந்து கொசு ரீங்காரம் போல ஒரு கீச்சொலி வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலர் ஃபேன் என்றீர்கள். இல்லை, ஃபேன் நின்றிருந்தபோதும் கேட்டது, திரையில் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் சுருதி மாறியது. காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துத் தேடினேன்: கீபோர்டின் இடது மேல் மூலை.

கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் ஒரு கடைத் தம்பி கேட்டதுமே, "காயில் சத்தம்ணே, பயப்படாதீங்க" என்றார். பிராசசருக்கு மின்சாரம் தரும் சுருள்கள், மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அதிர்கின்றனவாம். சரி என்று விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் அளவை 100இலிருந்து 99 சதவீதமாக்கினேன். டர்போ, அதாவது பிராசசர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது, நின்றது; முக்கால்வாசி சத்தமும் போனது. வீடியோ எடிட் செய்யும்போது மட்டும் திரும்ப 100. மிச்சச் சத்தம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூரைக் காற்றாடியின் கடகடவில் கேட்பதே இல்லை.