பக்கவாத ஆய்வு: ஆய்வகத்தில் பலிப்பது வார்டில் ஏன் பலிப்பதில்லை?

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 68 வயதான என் தந்தைக்கு நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு வலக்கை மரத்துப்போனதாகச் சொன்னவரை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று எண்ணித் தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டோம். பத்து மணிக்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, மூளைத் தமனியை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் கடந்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். வலக்கைதான் மடியிலேயே கிடக்கிறது.

எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில், எலிகளின் மூளைச் சேதத்தைத் தடுத்த மருந்து பற்றிய செய்தி ஏதாவது மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் கிளினிக்கில் கிடைப்பவை ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகிய மூன்றுதான். இத்தனை ஆண்டு ஆய்வுகளின் பலன் எங்கே போகிறது? உறவினர் ஒருவர் ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போடச் சொல்கிறார். அதற்குக் காரை விற்க வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி எழுதியது:

வணக்கம் சகோதரி. கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் எலிகளுடன் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2006இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, அதுவரை பக்கவாதத்திற்காக ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026 என்று பட்டியலிட்டது. மூளைச் செல்களைக் காக்கும் என்று அவற்றுள் நம்பப்பட்ட மருந்துகளில் ஒன்றுகூட உலகெங்கும் ஏற்கப்பட்ட அன்றாடச் சிகிச்சையாக நிலைபெறவில்லை. மிகவும் வலித்த தோல்வி என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்தினுடையது. விலங்குச் சோதனைகள் எப்படி அமைய வேண்டும் என்று 1999இல் வல்லுநர்கள் வகுத்த ஸ்டேர் நெறிகளைப் பெருமளவு பின்பற்றி வந்த மருந்து அது. 2006இல் வெளியான முதல் பெரிய மனிதச் சோதனையில் ஓரளவு பலனும் காட்டியது. மறு ஆண்டு, 3,300 பேரிடம் நடந்த இரண்டாவது சோதனையில் அந்தப் பலன் காணாமல் போயிற்று.

காரணத்தை எலிக்கூண்டின் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். நாங்கள் பயன்படுத்தியவை ஒரே வயதும் ஒரே வம்சமும் கொண்ட, நோய்நொடியற்ற இளம் ஆண் எலிகள். மெல்லிய இழையொன்றைச் செலுத்தி மூளைத் தமனியை அடைத்து, ஒரு மணி நேரத்தில் இழையை உருவிவிடுவோம். எந்த நிமிடத்தில் அடைப்பு நேர்ந்தது என்பது எங்களுக்குத் தெரியும், மருந்தும் பெரும்பாலும் உடனே போய்விடும். மறுநாள் மூளையை வெட்டிச் சேதத்தின் அளவைக் கணக்கிடுவோம். உங்கள் தந்தைக்கோ 68 வயது. நம் மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருக்கின்றன; அத்தகைய உடலில், பல மணி நேரம் கழித்துச் செலுத்திய மருந்து, தொண்ணூறாம் நாளில் அவரைத் தானாகச் சட்டை மாட்ட வைக்கிறதா என்பதே மனிதச் சோதனையின் கேள்வி. எலியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

எல்லாமே தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் 1985இல் முயல்களிடம் பலன் காட்டியது. 1995இல் 624 நோயாளிகளிடம், மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால் உதவும் என்று உறுதியாயிற்று. 2008இல் அந்த வரம்பு நாலரை மணி நேரமாக நீண்டது. வடிகுழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் திராம்பெக்டமி 2015இல் ஐந்து சோதனைகளால் நிலைபெற்றது. 2018 முதல், ஸ்கேனில் மீட்கத்தக்க மூளைப் பகுதி தெரியும் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படுகிறது. பலித்த இரண்டும் அடைப்பைத் திறப்பவை என்பதைக் கவனியுங்கள்.

ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, அது இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. முறையான சோதனையில் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்பது வழக்கமில்லை. கேட்கிறார்கள் என்றால் அதுவே எச்சரிக்கை. காரை விற்காதீர்கள்.

முன்னாள் தாதி எழுதியது:

நுண்ணோக்கி தம்பி சொன்னதில் ஒரு பாதியே இருக்கிறது. எலியிலிருந்து மனிதனுக்கு வருவது ஒரு தூரம் என்றால், உறுதியான சிகிச்சை வீட்டு வாசலுக்கு வருவது இன்னொரு தூரம். பெரிய தமனி அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். என் பணிக்காலத்தில் நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி வீட்டில்தான் நேர்ந்தது: தைலம், உருட் எனும் மலாய் மசாஜ் செய்பவர், பெரிய மகன் வேலையிலிருந்து வரட்டும் என்ற காத்திருப்பு. உங்களைக் குறை சொல்லவில்லை அம்மா. தாதியாக இருந்தும் என் சொந்த மாமியாருக்கு நாங்களும் ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். இந்த ஊசியும் ஸ்கேனும் எல்லா மருத்துவமனைகளிலும் எந்நேரமும் கிடைப்பதில்லை என்பதால், முகம் கோணினாலோ கை விழுந்தாலோ பேச்சு குழறினாலோ காரை எடுக்காமல் அவசர எண் 999ஐ அழையுங்கள்.

பிறை பிசியோ எழுதியது:

கையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுத வந்தேன்.

பக்கவாதம் வந்தவரை 24 மணி நேரத்திற்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தால் விரைவில் தேறுவார் என்று எங்கள் துறையில் பலர் நம்பினோம். விலங்கு ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. மலேசியா உட்பட ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஏவர்ட் சோதனை 2015இல் வெளியானபோது, அவ்வாறு செய்தவர்களில் நன்றாகத் தேறியோர் 46 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 50 விழுக்காடு என்று தெரிந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் நல்லெண்ணத்தோடே தீங்கு செய்துகொண்டிருப்போம்.

மறுபுறம், உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றும் ஆய்வகத்திலிருந்தே வந்தது. உணர்வு நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்கு, அசைக்க முடிந்தும் அந்தக் கையைக் கைவிட்டுவிடுவதையும், நல்ல கையைக் கட்டிப்போட்டால் மீண்டும் பயன்படுத்தத் தொடங்குவதையும் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் கண்டார். (1981இல் அவருடைய ஆய்வகக் குரங்குகளின் நிலை பெரிய வழக்கானது, அந்தக் கதையை மறந்துவிட்டுப் பலனை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.) 2006இல், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேரிடம் இதைச் சோதித்தார்கள். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்ததில், ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் நீடித்தது. ஆனால் கையில் சிறிதாவது அசைவு இருப்பவர்களுக்கே இது பொருந்தும். மேசைமேல் ஒரு சிறு துணியை வையுங்கள். வலக்கையால் எடுத்து, பிறகு விட முடிகிறதா என்று பாருங்கள்.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஊசி விஷயத்தை உறவினரிடம் மறுத்துவிட்டேன். அவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. நேற்று மாலை அப்பாவின் முன் கைத்துண்டை வைத்தேன். எடுத்துவிட்டார். விடுவதற்குத்தான் வெகுநேரமாயிற்று, இடக்கையால் விரல்களைப் பிரிக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். மூன்றாவது முறை தானாக விழுந்தது. இது போதுமா?

பிறை பிசியோ எழுதியது:

தொடங்கிப் பார்க்கப் போதும் அக்கா. அவருடைய சிகிச்சையாளரிடம் இதை அப்படியே சொல்லி, அவர் நேரில் பார்த்த பிறகே உறையை மாட்டுங்கள். நடக்கும்போது மட்டும் வேண்டாம், ஊன்றுகோலைப் பிடிக்க அந்த இடக்கை வேண்டும்.