புதுப்பிப்பு: மழையிலேயே கிளம்பிவிட்டேன்

தண்டையார்பேட்டையிலிருந்து நெல்லூர் வரை மூன்று நாள் சைக்கிள் பயணம், முதல் நாளே மழை என்றால் கிளம்பலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கிளம்பிவிட்டேன்.

காசிமேடு வரை தூறல்தான். எண்ணூர் விரைவு சாலையில் ஏறியதும் கொட்டத் தொடங்கியது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. ஒரு லாரி கிளப்பிய தண்ணீர் நேராக வாய்க்குள். டீசலும் உப்பும் கலந்த ருசி, இன்னும் போகவில்லை. மட்கார்டு மாட்டச் சொன்ன அண்ணா, நீங்கள் சொன்னது சரி. முதுகு முழுக்கச் சேற்றுக் கோடு.

பிரேக்தான் பயமுறுத்தியது. என்னுடையது ரிம்மைப் பிடிக்கும் பழைய ரகம். நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது, அப்புறம்தான் பிடிக்கிறது. திருவொற்றியூர் தாண்டி ஒரு ஆட்டோ சட்டென்று நிற்க, காலைத் தேய்த்துத்தான் நின்றேன். செருப்பு போச்சு.

எர்ணாவூரில் பஞ்சர். அரிசி அளவுக் கண்ணாடிச் சில்லு. ஈர டயரில் இதெல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஈர டியூபில் பஞ்சர் ஒட்டு பிடிக்கவில்லை. டீக்கடை அக்கா அடுப்பு பக்கத்தில் காயவைத்த துணியை எடுத்துக் கொடுத்தார், துடைத்து ஒட்டினேன். டீக்கும் காசு வாங்கவில்லை.

மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி வருவதற்குள் இருட்டிவிட்டது. சூளூர்பேட்டையில் தங்குவதாகத் திட்டம். இப்போது பொன்னேரியில் சித்தப்பா வீட்டு ஈசிசேர். செயினைத் துடைத்து எண்ணெய் போட்டாயிற்று. ஷூ இல்லை, செருப்பும் இல்லை. சித்தப்பா செருப்பு ஒரு சைஸ் பெரிது.