கிணத்தடியில தவளையள் செத்துக் கிடக்குது, ஆராவது உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. கோண்டாவிலில எங்கட வளவுக் கிணத்தடித் தொட்டிக்குள்ள இந்தக் கிழமை ஐஞ்சு தவளை செத்துக் கிடந்துது. காயம் ஒண்டும் இல்லை. ஒண்டைத் தடியால புரட்டிப் பார்த்தன்: தொடைப்பக்கம் சிவந்து, தோல் மெல்லிய சவ்வு மாதிரி உரிஞ்சு தொங்குது. போன மாரி முழுக்க இரவிரவாக் கத்தினதுகள். இந்தமுறை சத்தமே குறைவு.

தவளையளின்ர தோலைத் தாக்கிற கைற்றிட் பங்கசோ (ஒரு வகைப் பூஞ்சை) எண்டு பயமாக் கிடக்கு. 2019இல வந்த ஆய்வொண்டின்படி உலகத்தில 501 ஈரூடகவாழி இனங்கள் அதால குறைஞ்சிருக்கு, அதில 90 அழிஞ்சே போச்சுதாம். தவளை தண்ணி, உப்பு எல்லாம் தோலாலதான் எடுக்கும். தோல் கெட்டால் உப்புச் சமநிலை குழம்பி இதயம் நிண்டிடும். அந்தப் பங்கசுக்குக் குளிர்மைதான் பிடிக்கும், 17 தொடக்கம் 25 பாகை. எங்கட வெயிலுக்குள்ள பரவுறது கஷ்டம், ஆனா மாரியில? பக்கத்துத் தோட்டத்துக்கு மருந்தும் அடிச்சவை, அதாலயும் இருக்கலாம்.

தோலைப் பஞ்சுக்குச்சியால துடைச்செடுத்து மரபணுப் பரிசோதனை செய்யிற இடம் தெரிஞ்சால் சொல்லுங்கோ. விலங்கியல் படிக்கிற பிள்ளையள் ஆரும் இருக்கிறியளோ? ரெண்டு தவளையை மதுசாரத்தில போட்டு வைச்சிருக்கிறன். உங்கட பக்கமும் செத்திருந்தால் படம், இடம், நாள் போடுங்கோ. வெறுங்கையால தொடாதேங்கோ. வாற்பேத்தையளை வேற குளத்துக்கு மாத்தவும் வேண்டாம்.